தலைவருக்குப் போட்ட கதிரை

திருச்சபையின் கண்டி மாவட்டக் கூட்டத்துக்கு வந்திருந்தோர் நால்வர். ஜன்னலோரம், மாவட்டத் தவிசாளர் போதகர் ராஜரத்தினம். அவருக்கு வலப்பக்கம், பல்லேகலயிலிருந்து வந்த பெண்கள் ஐக்கியத் தலைவி மனோகரி டீச்சர். கதவருகே, கம்பளையில் இரும்புக்கடை வைத்திருக்கும் பொருளாளர் ராஜலிங்கம். மேசையின் கடைக்கோடியில் செயலாளர் யோகராஜ். மேசையின் தலைமாட்டில் தேசியத் தலைவரின் கதிரை. அதில் எவரும் இல்லை.

யோகராஜ் இதையெல்லாம் அப்படியே எழுதினார். ராஜலிங்கம் வந்த முச்சக்கர வண்டியின் இலக்கம், சாரதி பளீலின் பெயர், அவருடைய தொலைபேசி எண் ஆகியவற்றையும் எழுதினார். கணித ஆசிரியராக முப்பது வருடம் இருந்தவர். திருச்சபையின் விதிப் புத்தகத்தில் உள்ள நாற்பத்தொரு விதிகளில் பதினேழு அவர் முன்மொழிந்தவை.

பக்கம் நிறைந்ததும், சுவரிலிருந்த சிறு ஜன்னல் வழியாக அடுத்த அறையிலிருந்த தட்டெழுத்தாளர் கலாராணியிடம் நீட்டினார். அவள் வழக்கம்போல் வாங்கிக்கொண்டாள்.

கூட்டத்தின் நோக்கம் ஒன்றே. தேசியத் தலைவர் குணநாயகத்துக்கு விதி அனுமதிக்கும் இரண்டு தவணைகளும் போன மாதம் முடிந்துவிட்டன. "காலத்தின் தேவை கருதி" மூன்றாவது தவணையைத் தலைமையகம் அவருக்குத் தானாகவே கொடுத்திருந்தது. இன்றைய திகதி முத்திரையோடு ஏதாவது ஒரு மாவட்டம், நான்கு பொறுப்பாளர்களின் கையெழுத்துடன் ஆட்சேபித்தால் போதும். பேரவை கூடும், தலைவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். மற்ற மாவட்டங்கள் வாய் திறக்கவில்லை. கண்டிதான் மிச்சம். தபாற் கந்தோர் நான்கு மணிக்குப் பதிவுத் தபாலை நிறுத்திவிடும்.

"சரி, தொடங்குவோம்," என்றார் போதகர். "இங்க பேசுறது இந்த நாலு சுவத்துக்குள்ளயே இருக்கட்டும்."

அவருடைய தொலைபேசி அடித்தது.

"பாஸ்டர்," என்றது தலைவரின் குரல். மெதுவான, தேன் தடவிய குரல். "ஜன்னலோரமா உக்காராதீங்க. உங்களுக்கு நெஞ்சுச் சளி. சுகமா இருங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

போதகர் எழுந்து ஜன்னலைப் பார்த்தார். வெளியே மூடுபனி, அதற்குள் ஒரு வெறும் தூண், ஒரு காகம். வேறு ஒன்றுமில்லை.

"யாரோ சொல்லியிருக்காங்க," என்றார் ராஜலிங்கம். சொல்லும்போதே தலைமாட்டுக் கதிரையைப் பார்த்தார். கறுப்பு அங்கி ஒன்று அதன் முதுகில் தொங்கியது. எல்லா மாவட்ட மண்டபத்திலும் தலைவருக்கு ஒரு கதிரை போடுவது இந்தத் திருச்சபையின் வழக்கம். எட்டு வருடத்தில் தலைவர் கண்டிக்கு வந்தது இரண்டு தடவை. ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன் அதைத் தூசி தட்டுவார்கள்.

"கதிரை இல்ல முதலாளி, அங்க பாருங்க," என்றாள் மனோகரி டீச்சர். சுவரில் தலைவரின் படம். அந்த அறையில் எங்கே நின்றாலும் அது நிற்பவரையே பார்க்கும். "உள்ளுக்கு கெமரா ஏதும் வச்சிருப்பாங்க."

படத்தைத் திருப்பி வைத்தார்கள். யோகராஜ் மணி பார்த்து எழுதினார்: பி.ப. 2.17, தலைவரின் படம் சுவர்ப்பக்கம் திருப்பப்பட்டது. எழுதிய தாளைச் சிறு ஜன்னலில் நீட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இந்த முறை டீச்சரின் கைப்பைக்குள் அடித்தது.

"ரெண்டு பதினேழுக்கு என் முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பினீங்க," என்றார் தலைவர். "பரவாயில்ல டீச்சர். கர்த்தருக்கே முதுகு காட்டின ஜனம்தானே."

டீச்சர் தொலைபேசியைக் கொதிக்கிற சட்டியைப் போல மேசையில் போட்டாள்.

"நேரத்த எப்பிடிச் சொல்றாரு? நானே பாக்கலியே மணிய."

"போன்தான் காரணம்," என்றார் யோகராஜ். "எல்லாத்தையும் இதுக்குள்ள போடுங்க." கலாராணியின் பிஸ்கட் டின்னை வாங்கி, நான்கு தொலைபேசிகளையும் அடைத்து, மூடியை அழுத்தி, ஆலயப் பீடத்துக்குப் பின்னால் வைத்தார்கள். பிறகு நால்வரும் போதகரின் அறைக்கு மாறிக் கதவைத் தாழிட்டார்கள். இடம் மாறினால் புதுப் பக்கம் என்பது யோகராஜின் முறை. பழைய பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த அறையின் மூலையில் ஒரு பழைய கறுப்புத் தொலைபேசி இருந்தது. இணைப்புத் துண்டித்துப் பல காலம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது அடித்தது.

ஏழாவது மணியில் யோகராஜ் எடுத்தார்.

"டின்னுக்குள்ள பிஸ்கட் ஒண்ணும் மிச்சமில்லியா சார்?"

யோகராஜ் கதவின் தாழைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க விதிகளுக்கு நான் எப்பவும் நன்றியோட இருக்கேன்," என்றார் தலைவர். வைத்துவிட்டார்.

"சார், எனக்குப் பயமா இருக்கு," என்றார் ராஜலிங்கம். "இது மனுசன் செய்ற வேலை இல்ல. நான் கையெழுத்து வைக்கல, போறேன்."

"உங்களுக்குக் கடை இருக்கு முதலாளி," என்றார் யோகராஜ். "எனக்கு இருக்கறது சபை குடுத்த வீடு. அவரு ஒரு வரி எழுதினா நானும் வீட்டுக்காரியும் ரோட்டுலதான். கூரை ஒழுகினாலும் அதுதான் வீடு. நானே ஓடலியே."

சொல்லிக்கொண்டே அதையும் எழுதினார். பொருளாளர் அச்சம் தெரிவித்தார். செயலாளர் தம் வீட்டுக் கூரை பற்றிக் குறிப்பிட்டார்.

"சுவர் இருக்கற இடமே வேணாம்," என்றார் போதகர். குடைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். போகிற வழியில் யோகராஜ் கலாராணியின் பின் ஜன்னலில் நான்காம் பக்கத்தை நீட்டினார். சபையை நிறுவியவரின் கல்லறைக்குப் பக்கத்தில், தலைகள் முட்ட, குசுகுசுத்தார்கள். நால்வரும் ஈரப் புல்லில் நின்றனர் என்ற வரியோடு ஐந்தாம் பக்கத்தை முடித்து, யோகராஜ் அதையும் கொடுத்துவிட்டு வந்தார்.

மழைத் தூறலில் கல்லறைகள் இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்பது போலிருந்தது.

வாசலிலிருந்து பளீல் ஓடி வந்தார், தொலைபேசியை நீட்டியபடி. "முதலாளி, யாரோ தலைவராம். உங்க நம்பர் வேலை செய்யலயாம். என் நம்பர் அவருக்கு எப்பிடித் தெரியும்னு வெளங்கல."

ராஜலிங்கம் கையை மார்போடு கட்டிக்கொண்டார். பளீல் ஸ்பீக்கரைப் போட்டார்.

"ராஜலிங்கம் பயப்பட வேணாம்," என்றது குரல், கல்லறைகளுக்கு நடுவே. "ஈரப் புல்லு, எல்லாரும் கவனமா நில்லுங்க. யோகராஜ் சார், உங்க கூரை ஒழுகுதாமே. பாத்துச் செய்வோம். அந்த வீட்டுல நீங்க இருக்கறதா, இல்லியான்னு."

இணைப்பு அறுந்தது. பளீல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நான் வண்டிக்கிட்ட நிக்கிறேன்," என்று வேகமாக நடந்தார்.

மணி மூன்று இருபது. யோகராஜ் ஆறாம் பக்கத்துக்காகத் தாள்கட்டைத் திறந்தார். குடையைக் கை மாற்றியதில் அது சேற்றில் விழுந்தது. வெற்றுத் தாள்கள் எல்லாம் நனைந்து ஊறிப்போயின. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு கூட்டத்தில் எழுதாமல் நின்றார்.

எழுத ஒன்றும் இல்லாததால் யோசிக்க வேண்டியதாயிற்று.

"பாஸ்டர்," என்றார் மெதுவாக. "நாம என்ன செய்யப்போறோம்னு அவருக்கு ஏற்கெனவே தெரியும். கையெழுத்து வச்சாலும் தெரியும், வைக்காட்டியும் வைக்க வந்தோம்னு தெரியும். அப்ப இனி ஒளிக்க என்ன இருக்கு? எட்டு வருஷமா அவரு நம்மளக் கேக்குறாரு. ஒரு நாளாவது நாம அவரக் கேப்போமே."

டீச்சர் முதலில் தலையாட்டினாள். "கடிதத்த வைங்க சார், நான் கையெழுத்துப் போடுறேன்."

கடிதம் ஏற்கெனவே தட்டெழுத்தில், யோகராஜின் சட்டைப் பைக்குள் இருந்தது. நிறுவியவரின் கல்லறைப் பலகைமேல் விரித்தார்கள். போதகர் கையெழுத்து வைத்தார். டீச்சர் வைத்தாள். ராஜலிங்கம் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வைத்தார்; கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போயிற்று. கடைசியாக யோகராஜ், கூரையை நினைத்துக்கொண்டே, தெளிவாக, திகதியோடு.

காத்திருந்தார்கள். தொலைபேசி அடிக்கவில்லை. இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். குடையில் விழும் தூறல் மட்டும்.

"போயிட்டாரு," என்றார் ராஜலிங்கம், தாழ்ந்த குரலில்.

"துணிஞ்சா விலகிடும் பாருங்க," என்றார் போதகர். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

யோகராஜ் உறையை நாவால் ஈரமாக்கி ஒட்டி, மேலே அரக்கு வைத்து, சபை முத்திரையை அழுத்தினார். டீச்சர் அதைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு பளீலின் வண்டியில் ஏறினாள். வண்டி பனிக்குள் இறங்கி, தபாற் கந்தோரை நோக்கிப் போயிற்று. மணி மூன்று நாற்பது.

யோகராஜ் நிமிர்ந்து மூச்சு விட்டார். ஒரு பேயை வென்ற மனிதனின் மூச்சு.

பின் ஜன்னல் திறந்தது. கலாராணி தன் தொலைபேசியோடு எட்டிப் பார்த்தாள்.

"சார், விதிப் புத்தகத்துல நீங்க முன்மொழிஞ்ச பதினெட்டாம் விதிப்படி ஒவ்வொரு பக்கமும் கைக்கு வந்த உடனே வட்ஸ்அப்ல தலைவருக்கு அனுப்பிட்டுத்தான் இருக்கேன், ஆறாம் பக்கம் ஏன் இன்னும் வரலன்னு அவரு கேக்குறாரு, என்ன சொல்லட்டும்?"