ஐந்து கிலோவுக்கு ஐந்து கிலோ

மவுண்ட் ஆல்பர்ட்,
ஒக்லண்ட்.

என் மனைவி இராசமலரின் ஒரே தம்பியும், ஆகையால் நான் விலக்கிவைக்க முடியாதவருமான மச்சான் திருநாவுக்கரசுக்கு,

இங்கு யாவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. நலமில்லாததால் எழுதவில்லை. வெலிங்டனில் நீர் நலமாகத்தான் இருப்பீர். போன் அடித்தால் எடுக்கிறீர் இல்லை, ஆகவே தபாலில் எழுதுகிறேன்.

நீர் அனுப்பிய ஸ்டவுட் என்ற கறுப்புப் பியர் செய்முறையில், முளைகட்டிக் காயவைத்த பார்லி மோல்ட் ஐந்து கிலோவை நொறுக்கி, அறுபத்தேழு டிகிரியில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, வடித்து, கழுவி, அதன்பிறகு காய்ச்சு என்றிருந்தது. என்னிடம் இருப்பதோ புட்டுப் பானையைவிடக் கொஞ்சம் பெரிய பானை. அதைச் சொன்னதற்கு நீர் என்ன சொன்னீர்? "அதுக்கென்ன அத்தான், தானியத்தை விடுங்கோ, டின்னில வாற மோல்ட் பாகைப் போடுங்கோ" என்றீர். எவ்வளவு என்று சொன்னீரா? முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான். ஐந்து கிலோவுக்கு ஐந்து கிலோ என்று ஹென்டர்சன் கடையில் வாங்கிவந்தேன். பாகு என்றால் ஏற்கெனவே வடித்து வற்றக் காய்ச்சினது, முக்கால் பங்கு போதும் என்று ஒரு சொல் சொல்ல உமக்கு வாய் நொந்ததா? சரி, அதோட விட்டுதா? பாகு போட்டாலும் கறுக்க வறுத்த பார்லி தனியாகச் சேர்க்கவேணுமாம். அதையும் நீர் சொல்லேல்லை. பானைக்குள்ள பாத்தால் பிளேன் டீ நிறம். நான் பதறிப்போய் அரைக் கிலோ வறுத்த பார்லியைக் கொட்டி ஒரு மணித்தியாலம் கொதிக்க விட்டன். ஐயோ, வேப்பம்பட்டைக் குடிநீர் தோத்துப்போகும், அப்பிடியொரு கயர்ப்பு! ஆற வைச்சு ஈஸ்ட் போட்டு மூடினன். மூன்றாம் நாள் வாளி மூடி பறந்து, நுரை சீலிங்கில அடிச்சு, கராஜில காயப்போட்டிருந்த உம்முடைய அக்காவின் சீலையில வடிஞ்சுது.

"இஞ்சேருங்கோ, இன்னும் ஒருக்காத்தான். அதுவும் பிழைச்சால் கராஜ் எனக்கு" எண்டு உம்முடைய அக்கா சொல்லிப்போட்டா.

அந்தக் கராஜில்தான் என் கதிரை, என் றேடியோ. ஓய்வுபெற்றவன் ஒருவன் ஆருக்கும் பதில் சொல்லாமல் இருக்கக்கூடிய ஒரேயொரு இடம். அதுவும் போனால் நான் எங்க போறது? பஸ் ஏறிச் சான்ட்ரிங்ஹாமுக்குப் போய்க் கடை கடையாகக் கத்தரிக்காய் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?

ஆகவே இது கிடைத்தவுடன் அக்காவுக்குப் போன் எடுத்து, பிழை முழுவதும் உம்முடையது, அத்தான் அப்பாவி என்று சொல்லவும். இல்லாவிட்டால் பொங்கலுக்கு இந்தப் பக்கம் வரவேண்டாம்.

உம்மைத் தவிர உமது வீட்டில் உள்ள அனைவருக்கும் முருகன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பிழையும் செய்யாத
கதிர்காமநாதன்

பி.கு.: முத்திரை வாங்கப் பஞ்சிப்பட்டு இக்கடிதம் ஆறு கிழமை கிடந்துவிட்டது. அதற்குள் இரண்டாம் தரம் அக்காவே காய்ச்சினா. மூன்றேமுக்கால் கிலோ பாகு. வறுத்த பார்லியைத் துணியில் முடிந்து, அடுப்பை அணைத்த பிறகு சுடுதண்ணீரில் அரை மணி ஊறவைத்து எடுத்துவிட்டா. "தேயிலையை ஆரும் ஒரு மணித்தியாலம் அவிப்பினமே?" என்று மட்டும் கேட்டா. கன்னங்கறுப்பு, மேலே தடித்த நுரை. அருமை மச்சான், அருமை! உம்மில் ஒரு குற்றமும் இல்லை, பொங்கலுக்குக் கட்டாயம் வாரும். கராஜில் இப்போது அவவின் மூன்று வாளிகள் நிற்கின்றன. நான் கதவைத் தட்டிப்போட்டுத்தான் உள்ளே போகிறேன். என்ர கதிரையில அவதான் இருக்கிறா.