குழாயடிப் பாதுகாப்புச் சபை

உலகத்தைத் திருத்த வேண்டும் என்ற ஆசை இளவயதில் எல்லோருக்கும் வருகிறது. பெரும்பாலோருக்குக் கல்யாணத்தோடு அது சரியாகிவிடும். எனக்குப் போலீஸ் ஸ்டேஷனில் சரியானது.

அப்போது நான் கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகும் சாலையோர ரப்பர்த் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணி. அதாவது ஆபீசில் பெரிய கிராணிக்குக் கீழே உட்கார்ந்து பெயர் பதிகிறவன். (பெரிய கிராணி வெளியே போனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதும் உண்டு.) மலாயாவில் அவசர காலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்று, அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளை, பிரித்து, சனங்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து போட்டு, சுற்றிலும் முள்கம்பி வேலி அடித்திருந்தார்கள். மூன்று டிவிஷன் சனம் ஒரே வேலிக்குள். மூன்றுக்கும் சேர்த்துத் தண்ணீர்க் குழாய் ஒன்றுதான்.

அந்தக் குழாய் பழைய லயத்து வாசலில் இருந்தது. பழைய லயம், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டியின் ராஜ்யம். மீசை அவருக்கு முன்னால் போகும், அவர் பின்னால் வருவார். மேல் டிவிஷனிலிருந்து வந்தவர்களுக்குத் தலைவர் செல்லமுத்து. நிதானமான மனிதர். (பின்னாளில் எனக்கு மாமனார் ஆனார். அதன் பிறகும் நிதானமாகத்தான் இருந்தார் என்பது அவருடைய பெருமை.) ஆற்றோர டிவிஷனிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தலைவர் என்று யாரும் இல்லை. சவரியம்மா இருந்தார்; அது போதும். பால் வெட்டுகிற அந்த அம்மாள் குரலை உயர்த்தினால், கேட்டில் காவல் நிற்கும் மாத்தா தூக்கம் கலைந்து துப்பாக்கியைத் தேடுவார். போலீஸ்காரரை நாங்கள் மாத்தா என்றுதான் சொல்வோம்.

ஒரு புதன்கிழமை காலை குழாயடியில் பெரிய சண்டை. சவரியம்மாவின் பித்தளைக் குடம் முனியாண்டியின் மச்சான் முதுகில் பட்டு நசுங்கியது. முதுகுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று ஆபீசுக்கு வந்த பழைய பத்திரிகையில், நியூயார்க்கில் உலக நாடுகளெல்லாம் கூடிப் பேசும் பாதுகாப்புச் சபையைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவ்வளவு பெரிய நாடுகளே உட்கார்ந்து பேசும்போது மூன்று லயம் பேச முடியாதா?

ஞாயிற்றுக்கிழமை ரம்புத்தான் மரத்தடியில் மூவரையும் கூட்டினேன். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. (அந்த வெயிலில் டை கட்டியவன் என்னையும் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர் தொரையையும் தவிர யாருமில்லை. தொரைகூட ஞாயிற்றுக்கிழமை கட்ட மாட்டார்.) உலகச் சபையின் பெருமையை விளக்கினேன். அதில் ஐந்து பெரிய நாடுகளுக்கு வீட்டோ என்று ஓர் அதிகாரம் உண்டு என்பதையும் சொல்லித் தொலைத்தேன்.

“வீட்டோன்னா என்னா தம்பி?” என்றார் முனியாண்டி.

“மத்தவங்க எல்லாரும் சரின்னு சொன்னாலும், அவங்கள்ல ஒருத்தர் வேணாம்னு சொல்லிட்டா அந்தக் காரியம் நடக்காது, மண்டோரையா.”

“எங்க வீட்டுல அது ஏற்கெனவே இருக்கு லா. பொஞ்சாதி கையில இருக்கு” என்றார் செல்லமுத்து.

சவரியம்மா சிரிக்கவில்லை. “அந்த அஞ்சு பேருக்கு மட்டும் ஏன் குடுத்தாங்க?”

“அவங்க சண்டையில ஜெயிச்சவங்க, அக்கா.”

“அப்படின்னா புதன்கிழமை கொழாயடியில நாங்கதான் ஜெயிச்சோம். எங்களுக்குக் குடு.”

“குடத்தை நசுக்கிக்கிட்டவங்க ஜெயிச்சவங்களா?” என்று முனியாண்டி எழுந்தார். அடுத்த சண்டை அங்கேயே தொடங்கிவிடும் போலிருந்தது. உலக அமைதியைக் காப்பாற்ற மூவருக்குமே வீட்டோ கொடுத்துவிட்டேன். எனக்கு மட்டும் கிடையாது. நான் சபையின் பொதுச் செயலாளர். அந்தப் பதவியை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

முதல் தீர்மானம், ஒவ்வொரு டிவிஷனும் முறை வைத்துத் தண்ணீர் பிடிப்பது. முனியாண்டி வீட்டோ. இரண்டாவது, எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பது. சவரியம்மா வீட்டோ, புதன்கிழமைக்கு மன்னிப்புக் கேட்காதவர்கள் பின்னால் நிற்க மாட்டாராம். சண்டை போடக் கூடாது என்று பொதுவாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். அதற்குச் செல்லமுத்து வீட்டோ போட்டார்.

“ஏங்கய்யா, நீங்களுமா?”

“கோவிச்சுக்காதீங்க கிராணி. ரெண்டு பேரும் போட்டுட்டாங்க. நானும் ஒரு தரம் போட்டுப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு.”

இதற்கிடையே குழாயின் கழுத்து பழுதாகி, பிடிக்கிற தண்ணீரைவிட ஒழுகுகிற தண்ணீர் அதிகமானது. பழுது பார்ப்போம் என்றேன். அதற்கு யார் மறுப்புச் சொல்ல முடியும்? முனியாண்டி சொன்னார். எல்லாம் நான் கற்றுக்கொடுத்ததுதான். ஒரு நாட்டுக்குள் இன்னொருவர் தலையிடக் கூடாது, அதற்குச் சுயாதிகாரம் என்று பெயர் எனப் போன ஞாயிற்றுக்கிழமை பெருமையாக விளக்கியிருந்தேன். (இன்று இறையாண்மை என்கிறார்கள். அன்று அந்தச் சொல் எனக்குக் கிடைக்காதது நல்லதாயிற்று. அதையும் சொல்லிக் கொடுத்திருப்பேன்.)

“கொழாய் யாரு லயத்து வாசல்ல இருக்கு?”

“உங்க லயத்து வாசல்ல, மண்டோரையா.”

“அப்ப அது என் சுயாதிகாரம். உன் சபை அதைத் தொடக் கூடாது.”

குழாய் சுயாதிகாரத்தோடு ஒழுகிக்கொண்டே இருந்தது. வாரக் கடைசியில் கழுத்து முறிந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. முனியாண்டி வாசலில் குளம் கட்டியது; மற்றவர்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார்கள்.

அவசரக் கூட்டம் போட்டேன். மரத்தடியில் நின்று, “இந்தச் சபையைச் சீர்திருத்தியே ஆக வேண்டும்! பெரியவர்கள் ஆதிக்கம் ஒழிய வேண்டும்!” என்று மேடைத் தமிழில் முழங்கிக்கொண்டிருந்தபோது, கேட்டைத் தாண்டிப் போலீஸ் ஜீப் வந்து நின்றது. சிவந்த முகத்தோடு வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இறங்கினார். வயதில் என்னைவிட அதிகம் மூத்தவரில்லை.

எனக்குப் பெருமிதம் தாங்கவில்லை. அவருடைய நாடு அந்த ஐந்தில் ஒன்று. தோட்டத்தில் ஒருவன் சபை நடத்துகிறான் என்று கேள்விப்பட்டுப் பாராட்ட வந்திருக்கிறார்!

“இங்கே யார் ஜெனரல் செக்ரட்டரி?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

டையைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, கையைத் தூக்கினேன். “நான்தான் சார்!”

கைகுலுக்க நீட்டிய கையில் விலங்கு விழுந்தது.

காட்டுக்குள் இருந்த கட்சிக்கும் ஒரு ஜெனரல் செக்ரட்டரி உண்டு என்பதும், அவரைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லிக் கோலசிலாங்கூர் பஸ் நிலையம் வரை நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது என்பதும் ஜீப்பில் ஏறிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. அந்த நோட்டீசை நான் வாரா வாரம் படித்தவன். கேட்டில் நின்ற மாத்தா பாவம், மரத்தடியில் கூட்டம், செயலாளர், சபை, தீர்மானம் என்று அதுவரை காதில் விழுந்ததை மேலே சொல்லியிருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஸ்டேஷனில் அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

“உங்கள் தலைமையகம் எங்கே?”

“நியூயார்க், சார்.”

அவர் பேனா நின்றது. “யார் உத்தரவில் நடத்துகிறாய்?”

“யாரும் உத்தரவு போடவில்லை, சார். பத்திரிகையில் படித்தேன்.”

“ஆயுதம்?”

“ஒரு பித்தளைக் குடம், சார். இப்போது நசுங்கிவிட்டது.”

“ஆள்பலம்? படை?”

உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது என் கொள்கை. “இன்னும் அமைக்கவில்லை, சார். யோசனை இருக்கிறது.”

அவர் எழுந்து போய் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். என்னை விசாரணையில்லாமல் உள்ளே வைக்கலாம், அல்லது இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பலாம் என்றார். நான் பிறந்தது இந்தத் தோட்டத்தில். சபாக் டவுனுக்கு அப்பால் பஸ்ஸில்கூடப் போனதில்லை. நாகப்பட்டினத்தில் இறங்கினால் எந்தப் பக்கம் நடப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது; டையின் நுனியால் மூக்கைத் துடைத்தேன்.

கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். என்னோடு கூட்டத்தில் இருந்த மூவரும் வந்து, நான் ஆபத்தில்லாதவன் என்று சொன்னால் விட்டுவிடுவாராம். மூன்று பேரும் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை தோட்டத்து லோரியில் மூவரும் வந்து இறங்கினார்கள். மொழிபெயர்ப்பாளர் வேறு ஒரு விசாரணைக்குப் போய்விட்டதால், என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார் அதிகாரி. பக்கத்தில் ஒரு மலாய் சார்ஜென்ட். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. நான் சரியாக மொழிபெயர்க்கிறேனா என்று கண்காணிக்க அவரைத்தான் நிறுத்தியிருந்தார்கள்.

“கிராணி நல்ல புள்ள. கொஞ்சம் படிப்பு அதிகமாப் போச்சு, அவ்வளவுதான்” என்றார் செல்லமுத்து. முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

“ஒரு ஈ, எறும்பைக்கூட அடிக்கத் தெரியாது, தொரை” என்றார் சவரியம்மா.

முனியாண்டி முன்னால் வந்தார். மீசையைத் தடவினார். என்னைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். பிறகு தெளிவாக, “வீட்டோ” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“மண்டோரையா!” என்று அலறினேன். “இது சபை இல்லை, போலீஸ் ஸ்டேஷன்!”

“நீதான தம்பி குடுத்த? என் கொழாய்ல கை வைப்பேன்னு சட்டம் போடப் பாத்தியே. இப்ப நான் வேணாங்குறேன்.”

சவரியம்மா இடுப்பில் கைவைத்துத் திரும்பினார். “செல்லமுத்தண்ணே, இந்த வீட்டோவே இனி வேணாம். நீங்க என்னா சொல்றீங்க?”

“வேணாம்மா.”

“ரெண்டு பேரு சொல்லியாச்சு. வீட்டோ ஒழிஞ்சிச்சு.”

“அதுக்கும் நான் வீட்டோ” என்றார் முனியாண்டி.

பெரிய பெரிய நாடுகளெல்லாம் மாட்டிக்கொண்டு முழிக்கிற இடத்தில் எங்கள் சபையும் வந்து நின்றது. அதிகாரி, “என்ன நடக்கிறது? சொல்!” என்றார். “சீர்திருத்தம் நடக்கிறது, சார்” என்றேன். அதற்கு மேல் எனக்கும் புரியவில்லை. சார்ஜென்ட் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சவரியம்மா குரலைத் தாழ்த்தினார். அந்த அம்மாள் தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டது அதுவே முதல் முறை.

“மண்டோரண்ணே, கொழாய் ஒங்களது. யாரும் கேக்கல. ஒங்க வாசல், ஒங்க அதிகாரம். ஒங்க ஆளை வச்சு நீங்களே சரி பண்ணுங்க. ஆனா அதுல வர்ற தண்ணி யாருது?”

முனியாண்டி யோசித்தார். “தண்ணி... மேலேர்ந்து வருது.”

“அது எல்லாருக்கும் பொது. என் கொடம் நசுங்கினதையும் நான் மறந்துட்டேன். இந்தப் பையனைக் கப்பல்ல ஏத்திட்டா, அவங்க அம்மா ஒங்க வாசல்லதான் வந்து உக்காந்து அழுவும். அதையும் ஒங்க சுயாதிகாரத்துல வச்சுக்குவீங்களா?”

முனியாண்டிக்கு என் அம்மாவைத் தெரியும். மீசை சற்று இறங்கியது. “சரி லா, தொரை. இவன் ஆபத்து இல்லாதவன்தான். வெவரமும் இல்லாதவன். ரெண்டையும் எழுதிக்குங்க.”

இரண்டையும் மொழிபெயர்த்தேன். விலங்கைக் கழற்றினார்கள்.

முனியாண்டி அன்று மாலையே தம் மச்சானை விட்டுக் குழாயைச் சரிசெய்தார். யார் எப்போது பிடிப்பது என்பதைச் சவரியம்மா சொன்னார். அதற்குச் சபையும் கிடையாது, தீர்மானமும் கிடையாது. தோட்டத்துத் தொரைக்கு அதிகாரி என்ன சொன்னாரோ, கொஞ்ச நாளில் மற்ற இரண்டு லயங்களின் வாசலிலும் புதுக் குழாய்கள் முளைத்தன. அதற்குக் காரணம் என் சபைதான் என்று நான் இன்றுவரை சொல்லி வருகிறேன். யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

பெண் கேட்டுப் போனபோது செல்லமுத்து என்னிடம் படிப்பையோ சம்பளத்தையோ விசாரிக்கவில்லை. தம் மகளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, அந்த ஜீப் வந்த கதையை முழுவதும் சொன்னார். எல்லாம் தெரிந்த பிறகும் சம்மதமா என்று கேட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். அது சம்மதமா சிரிப்பா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

அவள்தான் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னாள். பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு தட்டு உடைந்து, “யார் பண்ணினது?” என்று யாராவது கேட்டால், எந்தப் பிள்ளையும் ஒளிவதில்லை. நெஞ்சை நிமிர்த்தி, இல்லாத டையைச் சரிசெய்துகொண்டு, கையைத் தூக்கி, “நான்தான் சார்!” என்கிறார்கள். சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் சேர்த்து, விலங்குக்கு வாகாக நீட்டுகிறார்கள்.