மச்சானைக் கொன்ற கதாசிரியர்

வெள்ளிக்கிழமைதோறும் எட்டு மணிக்கு உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு பிணம் விழுகிறதே, அதைத் தள்ளிவிட்டவர் யார் என்று என்றாவது யோசித்ததுண்டா? துப்பறியும் தொடருக்குக் கதை எழுதுகிற பிறவி அது. அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். கரப்பான் பூச்சியைக் கண்டால் மனைவியைக் கூப்பிடுகிற சாது. அவர் எழுதிய எழுபத்திரண்டு கொலைகளில் ஒன்றுகூடச் சொத்துக்காகவோ காதலுக்காகவோ நடந்ததில்லை. எல்லாமே மானப் பிரச்சினை. நாலு பேர் முன்னால் ஒருவன் இன்னொருவனைப் பார்த்துச் சிரிப்பான். விளம்பரம் முடிந்து வந்தால் சிரித்தவன் குப்புறக் கிடப்பான்.

இத்தனை அவமானம் எங்கிருந்து கிடைக்கிறது? எல்லாம் சொந்தச் சரக்கு. வலியோடு வந்தவரை ஒரு மணி நேரம் காக்கவைத்த பல் டாக்டர் மூன்றாவது வாரமே போய்ச் சேர்ந்தார். பெயரைத் தப்பாகக் கூப்பிட்ட வங்கி மேனேஜரும் தப்பவில்லை.

ஒரு ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேசையில் அந்தத் தொடரைப் பற்றிப் பேச்சு வந்தது. மருந்துக்கடை வைத்திருக்கும் அவர் மனைவியின் அண்ணன் தொண்டையைக் கனைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அந்த நேரத்துலதான் மாப்பிள்ளை, நாங்க துணி மடிக்கிறது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். நம்மவரும் சிரித்துவைத்தார்.

அதிலிருந்து ஐந்தாவது வாரம் தொடரில், பேசுமுன் தொண்டையைக் கனைத்து மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்கிற ஒரு மருந்துக்கடைக்காரர், தம் கடை இருமல் மருந்து அலமாரிக்கு அடியிலேயே நசுங்கிச் செத்தார். மறுநாள் காலை மச்சானிடமிருந்து போன். நம்மவர் சண்டைக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தார். மச்சானுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். கடைக்கு வருகிறவர்களெல்லாம் விசாரிக்கிறார்களாம். ஒரே குறை, முதல் பத்து நிமிஷத்திலேயே சாகடித்திருக்க வேண்டாமாம். குத்தினது உறைக்காத மனுஷனை என்ன செய்வது? இது முன்னதைவிடப் பெரிய அவமானம்.

அன்று மாலை மனைவி அவர் மேசையருகே வந்து நின்றாள். கையில் அடுத்த வாரத்துக் கதை. அதில் கணவனைப் பார்த்துச் சிரித்த ஒரு மனைவி, பதினோராம் பக்கத்தில் மாடிப்படியில் உருண்டு சாகிறாள்.

"அன்னைக்கு நான் சிரிச்சதுக்கா?"

அதெல்லாம் கற்பனை என்று அவர் மென்று விழுங்கினார்.

"பதினெட்டு வருஷமா நீங்க எழுதினதை எல்லாம் முதல்ல படிச்சு அழுதவ நான். ஒரே ஒரு தடவை சிரிச்சுட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. காகிதங்களை மேசையில் வைத்தாள். பையில் நாலு துணியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். அவர் வாசல்வரை பின்னாலேயே போனார். மன்னிப்பு என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தை உள்ளே போய்விட்டது.

திரும்பி வந்து அந்தப் பதினோராம் பக்கத்தை எடுத்தார். கிழித்தாரா? பக்கத்து வீட்டுக்காரரையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

இப்படியும் ஒரு ஆளா என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் என்றோ ஒருவர் எல்லோரும் கேட்க உங்களைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம், இதைப் படிக்கும்போதே எழுத்துப் பிசகாமல் ஞாபகம் வந்ததே, அதை என்ன செய்யப்போகிறீர்கள்? சொன்னவருடைய நல்ல நேரம், உங்களுக்குக் கதை எழுத வராது.