அக்காவின் குசினிச் சுவரும் நான் எழுதிய கருத்துக் கடிதமும்

சண்டை நடந்த காலம் முழுவதும் நான் யாருடைய வீட்டையும் உடைத்ததில்லை. உடைக்கிறவர்கள் வேறு நிறையப் பேர் இருந்தார்கள். என் உதவி தேவைப்படவில்லை. சண்டை முடிந்து, சனம் ஊருக்குத் திரும்பி, கல் மேல் கல் வைக்கத் தொடங்கிய பிறகுதான் நான் ஒரு சுவரை உடைத்தேன். அதுவும் என் சொந்த அக்காவின் குசினிச் சுவர். அதுவும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பற்றிக் கருத்துச் சொல்லப் போய்.

(இதை எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுதன். உண்மையை எழுதினா உனக்குத்தானே வெக்கம், எனக்கென்ன?" என்றாள்.)

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஏழாம் வகுப்போடு சரி. பிறகு மண்டபத்தில் அகதி முகாம், புத்தளத்தில் இறால் பண்ணை, கொழும்பில் லொறி, வவுனியாவில் மரம் அரிகிற மரக்காலை என்று சுற்றினேன். எந்த இடத்திலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கவில்லை, எந்த வேலையையும் முழுதாகப் பழகவும் இல்லை. ஒன்று மட்டும் நன்றாக வரும்: மனு எழுதுவது. முகாம்களில் எழுதி எழுதிப் பழகிய கை. எத்தனை தரம் இடம்பெயர்ந்தோம், எதையெதை இழந்தோம் என்று வரிசையாக எழுதி, "தங்கள் மேலான கருணையை எதிர்பார்த்து" என்று முடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அப்படி எழுதிய மனுக்களில் ஒன்றுக்குக்கூடப் பதில் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அக்கா பிலோமினாவும் அத்தானும் மன்னாரில் அரிப்பு என்ற ஊருக்குப் பக்கத்தில் மீளக் குடியேறி மூன்றாம் வருஷம் நான் அவர்களுடைய வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டேன். வீடு என்றால் நான்கு சுவரும் எழும்பிய வீடு. சீமெந்துக் கல்லை அக்காவே அச்சில் போட்டு அரிந்தாள், அத்தான் கட்டினார். சுவர் எழும்பியதோடு வீட்டுத்திட்டத்தின் உதவி நின்றுவிட்டது. கூரைக்குக் கொட்டிலில் இருந்த பழைய தகரத்தைப் போட்டு, அதன் மேல் தறப்பாளைக் கட்டியிருந்தார்கள். முதல் மாரியில் வீட்டுக்குள் மழை பெய்த அளவுக்கு வெளியே பெய்யவில்லை என்று அத்தான் சொல்வார். சின்ன மகளுக்கு அந்த ஈரத்தில் இழுப்பு வந்தது. அடுத்த மாரியும் இப்படி நனைந்தால் பிள்ளைக்கு ஆபத்து என்று மன்னார் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாரிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அக்காவுக்கு வேறு பேச்சே இல்லை: கூரை, கூரை, கூரை.

ஊருக்குக் கரண்ட் வந்த கையோடு திரேசம்மா மாமி வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது. மகன் சுவிஸில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் அங்கேதான் எல்லோரும். அந்த நேரத்தில் ஒரு சனலில் வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்று தமிழில் பேசிக்கொண்டு ஓடும். ஒரு வெள்ளைக்காரப் புருஷனும் பெண்சாதியும் வருவார்கள். அவர்களுடைய வீடு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குசினி பழைய மாதிரி என்று அந்தப் பெண் கண் கலங்குவாள். உடனே நான்கு பேர் வந்து அவள் கையில் பெரிய சுத்தியலைக் கொடுப்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே முதல் அடியை அடிப்பாள்.

"உவளுக்கென்ன விசரோ?" என்பார் மாமி. "நல்ல அலுமாரி. கதவுகூடக் கழரேல்லை. அதைப் போட்டு உடைக்கிறாளே!"

"சிரிச்சுக்கொண்டு உடைக்கிறாள், மாமி. அதைப் பாருங்கோ," என்பாள் அக்கா. "எங்கடையை உடைச்சவங்கள்கூடச் சிரிக்கேல்லை."

அத்தான் கடலுக்குப் போகிறவர். வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிப்பார். அவருடைய கண் எப்போதும் கழற்றி எறிகிற சாமான்களின் மேல்தான். "அந்த யன்னலைப் பார் மச்சான். ஒரு ஆணிகூடக் கறள் பிடிக்கேல்லை. எறியிறதை இஞ்சாலை எறியச் சொல்லு."

கடைசியில் அந்தப் புருஷன் பெண்சாதியைக் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து புது வீட்டைக் காட்டுவார்கள். இரண்டு பேரும் அழுவார்கள்.

"இப்ப ஏனாம் அழுகினம்?"

"சந்தோசமாம், மாமி."

"துவக்கத்திலையும் அழுகை, முடிவிலையும் அழுகை. பிறகென்னத்துக்கு இவ்வளவு செலவு?"

எனக்கு மட்டும் அந்த நிகழ்ச்சி பிடித்துப்போனது. உடைத்த மறுநாளே கட்டுவதற்கு ஆள் வருகிற ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை அதில்தான் கண்டேன்.

அந்தச் சனல்காரர்களே இதே மாதிரி ஒரு நிகழ்ச்சியை இலங்கையில் செய்யப்போவதாக ஒருநாள் அறிவித்தார்கள். நிகழ்ச்சியைப் பற்றிய உங்கள் கருத்தை எழுதி அனுப்புங்கள், நல்ல கடிதம் எழுதியவரின் வீட்டை நாங்கள் வந்து புதுப்பித்துத் தருவோம் என்றார்கள். எனக்குக் கை துடித்தது. அன்றைக்கே எட்டுப் பக்கத்தில் எழுதினேன். குடும்ப அட்டைப் பிரதி, ஊர் விதானையாரின் கடிதம், இழந்த பொருட்களின் பட்டியல் (ஆடு ஏழு, தையல் மெசின் ஒன்று) எல்லாவற்றையும் இணைத்தேன்.

"நிகழ்ச்சியைப் பற்றி என்ன எழுதினனீ?" என்று அத்தான் கேட்டார்.

"நல்ல நிகழ்ச்சி எண்டு."

"எட்டுப் பக்கமுமோ?"

"அது ஒரு வரி. மிச்சம் எங்களைப் பற்றி."

அந்த மிச்சத்தில் ஒரு பொய் இருந்தது. அக்காவின் பழைய வீட்டுக் குசினியில் ஷெல் விழுந்தது உண்மை. ஆனால் அந்த வீடு இப்போது ஒரு மண்மேடு. ஆகவே பழைய வீட்டில் விழுந்த ஷெல்லை எடுத்துப் புது வீட்டுக்கு மாற்றினேன். "குசினிச் சுவர் இடிந்து, வானம் பார்த்தபடி சமைக்கிறோம்" என்று எழுதிவிட்டு, எழுத்தின் அழகைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் எழுதிய ஒன்றுக்குப் பதில் வந்தது. கொழும்பிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கதைத்தார். "உங்க லெட்டரைப் படிச்சோம். வியாழக்கிழமை வர்றோம். அந்த உடைஞ்ச சுவர் அப்படியே இருக்குதுதானே?"

"ஓம், அப்படியே இருக்கு."

"ஒண்ணையும் தொட்டுடாதீங்க. எங்களுக்குப் பழைய நிலைமைதான் முக்கியம்."

அக்காவிடம் நான் சொன்னது இதில் பாதிதான்: வியாழக்கிழமை ரிவிக்காரர் வருகிறார்கள், கூரை போடப் போகிறார்கள். மீதியைச் சொல்லாமல் இரண்டு நாள் லொறி வேலைக்குப் போய்விட்டேன். புதன்கிழமை பின்னேரம் திரும்பி வந்து படலையில் நின்று பார்த்தேன். எனக்குக் கண் கூசியது. அக்கா வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். நீலம் கலந்து, இரண்டு பூச்சு. முற்றம் கூட்டி, கோயிலிலிருந்து நான்கு கதிரை கொண்டுவந்து போட்டிருந்தாள். திருஇருதயப் படத்துக்குப் புது மாலை.

"என்னக்கா செய்து வைச்சிருக்கிறாய்?"

"ஆக்கள் வரேக்க வீடு வீடா இருக்க வேண்டாமோ? ஊத்தையை ஆரும் காட்டுவினமோ?"

தெருவில் யாரைக் கேட்டாலும் அக்கா சொன்னதைத்தான் சொல்வார்கள். வருகிறவர்கள் ஊத்தையைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வியாழக்கிழமை காலை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். விருந்தாளிகளுக்கு நண்டு வாங்க அக்காவும் அத்தானும் கரைக்குப் போனார்கள். நான் குசினிச் சுவருக்கு முன்னால் இரும்பு அலவாங்கோடு நின்றேன். கணக்குச் சுலபமாக இருந்தது: ஒரு சுவர் போனால் ஒரு கூரை வரும், சுவரையும் அவர்களே கட்டித் தருவார்கள். நிகழ்ச்சியில் அப்படித்தானே நடக்கிறது.

அந்த வெள்ளைக்காரி சுத்தியலால் மூன்று அடி அடிக்கச் சுவர் விழும். அக்காவின் சுவரை நான் முக்கால் மணித்தியாலம் குத்தினேன். வீட்டுத்திட்டத்தார் சொன்ன கலவையை நம்பாமல் அக்கா சீமெந்தைக் கூடப் போட்டுக் கல் அரிந்திருக்கிறாள்! (ஷெல் அடித்தவனும் இந்தச் சுவரோடு கஷ்டப்பட்டிருப்பான்.) கை கொப்பளித்தது. நான் களைத்து விட்டுவிடலாம் என்று நினைத்த நேரம் பார்த்துச் சுவர் மனம் மாறி ஒரேயடியாகச் சரிந்தது. அதன் மேல் கூரையைத் தாங்குகிற வளை மரம் ஒன்று தங்கியிருந்ததை நான் யோசிக்கவில்லை. வளை வந்தது. வளையோடு மூன்று தகரம் வந்தது. தறப்பாள் கிழிந்து தொங்கியது. கடிதத்தில் எழுதியபடியே, குசினிக்குள் வானம் தெரிந்தது.

வாசலில் வான் ஹோர்ன் அடித்தது.

தொலைபேசியில் கதைத்தவர் ஒரு தொப்பி போட்டிருந்தார். கூட ஒரு கமராக்காரர். சிங்களவர், தமிழ் அரைகுறை. தொப்பிக்காரர் உள்ளே வந்து, கையால் முகத்துக்கு முன் தூசியை விசிறிக்கொண்டு, "அடடா, ஷெல் இங்கதான் விழுந்ததா?" என்று கேட்டார். வருஷக்கணக்குக்கு முன் விழுந்த ஷெல்லின் தூசி இன்னும் எப்படிப் பறக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கமராக்காரர் மட்டும் கீழே கிடந்த அலவாங்கைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். கமராவைத் தோளில் வைத்தார்.

அப்போதுதான் அக்கா வந்தாள். நண்டுக் கூடை கையிலிருந்து விழுந்தது. நண்டுகள் நாலு பக்கமும் ஓடின. அவள் அதைப் பார்க்கவில்லை. கற்குவியலுக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு உடைந்த கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ஐந்து இடப்பெயர்வில் நான் அக்காவோடு நடந்திருக்கிறேன். அவள் அப்படி அழுததை ஒரு தரமும் கண்டதில்லை.

"ரொம்ப இயல்பா இருக்கு, எடுங்க, எடுங்க," என்று தொப்பிக்காரர் கமராக்காரரைத் தட்டினார். பிறகு குனிந்து கேட்டார்: "யாரும்மா இப்படிப் பண்ணினது?"

அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கமராவுக்குப் பின்னால் நின்ற நான் விரலை மேலே காட்டினேன். கூரை, அக்கா, கூரை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தான் வாசலில் நின்று வேறு எங்கோ பார்த்தார்.

"நாசமாப் போவான் ஒருத்தன்," என்றாள் அக்கா.

"எந்தப் பக்கத்து ஆளுங்கன்னு சொல்ல வேணாம்மா. அரசியல் வந்துடும்."

"எங்கடை பக்கந்தான்."

தொப்பிக்காரர் அவசரமாகக் கையைக் காட்டிப் படப்பிடிப்பை நிறுத்தினார்.

வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப முடியாது. அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு, முற்றத்தில் அடுப்பு மூட்டி, ஓடிப்போன நண்டுகளைப் பிடித்துக் கறி வைத்தாள். தொப்பிக்காரர் விரல் சூப்பிச் சாப்பிட்டார். "கட்டாயம் சொல்லி அனுப்புறோம்" என்றார். அவர்கள் போன பிறகு அக்கா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள், "கூரை வராட்டி உன்னை வளையாப் போடுவன்" என்றாள். நான் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து நிகழ்ச்சி ரிவியில் போனது. மாமி வீட்டில் நிற்க இடமில்லை. சோகமான வயலினோடு நாங்கள் இரண்டு நிமிஷம் வந்தோம். அக்கா அழுதாள், நண்டு ஓடியது. அதன் பிறகு ஒரு பெண் எங்களைப் பற்றி வந்த பார்வையாளர் கருத்துகளை வாசித்தாள். (முதலில் ஒரு விளம்பரத்துக்கு எங்களைக் காட்டியிருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியாது.) ஒருவர் எழுதியிருந்தார்: "மற்றச் சுவர்களெல்லாம் நேற்று வெள்ளையடித்தது போல இருக்கின்றன. சுண்ணாம்புக்கு வசதியுள்ளவர்களுக்கு ஏன் உதவி?" இன்னொருவர்: "அந்தப் பெண்ணின் அழுகை கொஞ்சம் மிகைதான்."

தெரிவான வீடு கொழும்புப் பக்கம். அந்த வீட்டு அம்மாவுக்குக் குசினி ஒடுக்கம், குளிர்சாதனப் பெட்டியின் கதவு முழுதாகத் திறக்காது. சிரித்துக்கொண்டே சுத்தியலை ஓங்கினார்.

"அவன் சொன்னதும் சரிதான், பிள்ளை," என்றார் மாமி. "வெள்ளை கொஞ்சம் கூடிப் போச்சு."

"அழுகையும் கூடிப் போச்சாம்," என்றார் அத்தான்.

அக்கா எழுந்து வீட்டுக்குப் போனாள். அந்தக் கிழமை மாரி தொடங்கியது. நான் மூன்று தரம் தறப்பாளைக் கட்டினேன், காற்று மூன்று தரமும் கழற்றிக்கொண்டு போனது. சின்னவளை ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் அவள் வீட்டுக்கு வந்தாள். நான் லொறி ஏறி ஊரை விட்டுப் போனேன். முழுதாகப் பழகிய வேலை எனக்கு அது ஒன்றுதான்.

அடுத்த பாஸ்குத் திருநாளுக்கு வந்தபோது அக்கா புதுக் கல் அரிந்துகொண்டிருந்தாள். அன்றைக்கென்று வீட்டுச் சேதம் பதிகிற உத்தியோகத்தர் ஒருவர் படிவங்களோடு வந்தார். "சேதத்துக்குக் காரணம் என்னக்கா? ஷெல்லா, குண்டா, புயலா, யானையா?"

"தம்பி," என்றாள் அக்கா, என்னைக் கையால் காட்டி.

அவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி எண்டு இதிலை கட்டம் இல்லையே, அக்கா."

"அப்ப என்ன இருக்கு?"

"கடைசியிலை 'மற்றவை' எண்டு ஒண்டு இருக்கு."

"அதிலை போடுங்கோ."

போட்டார். அந்தப் படிவத்தாலும் ஒன்றும் வரவில்லை. கூரை அதற்கு இரண்டு வருஷம் கழித்து, அத்தானின் கடல் உழைப்பில் வந்தது. எனக்குப் பெயர்தான் வந்தது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை அக்கா வீட்டில் யாரும் இப்போது சொல்வதில்லை. போன வருஷம் மூத்தவளின் கல்யாண வீட்டில் கதிரை தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போனேன். அத்தனை சனத்துக்கும் நடுவிலிருந்து அக்கா கத்தினாள்: "டேய் மற்றவை! சுவருக்குக் கிட்டப் போகாதை!"

மாப்பிள்ளை வீட்டாருக்கு விஷயம் விளங்கவில்லை. சின்னவள்தான் முதலிலிருந்து சொன்னாள், எல்லோரையும் போல நடித்துக் காட்டி. நானும் சிரித்தேன். சொல்லி முடிக்க முதல் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. கைப்பையிலிருந்து இழுப்பு மருந்துப் பம்பை எடுத்து வாயில் வைத்து இரண்டு தரம் அடித்தாள். மூச்சுச் சீராகும் வரை எல்லோரும் காத்து நின்றோம். பிறகு அவள் விட்ட இடத்திலிருந்து சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.