தலை வந்துவிட்டது, உடம்புதான் அமையவில்லை

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகமாக இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அங்கே நீங்களும் வீட்டில் எல்லோரும் முழங்கால் உட்படச் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்பி இதைத் தொடங்குகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அக்கா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு நான் சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொல்கிறாள். ஆகையால் எழுத்து.

மூன்று வாரத்துக்கு முன்னால் உங்கள் மருமகளிடமிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. "உங்கள் மருமகள்" என்று நான் எழுதுவதைக் கவனிக்க வேண்டும். அவள் என் வீட்டில் பிறந்தவள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் நாலு பேரிடம் போய்ப் பேசி, என் பள்ளிக்கூடத்திலேயே ஏற்பாடு செய்து வைத்த விளையாட்டு ஆசிரியை வேலையை வேண்டாம் என்று உதறிவிட்டு, உங்கள் ஊர்ப் பட்டறையில் பொம்மைகளுக்கு முகம் செய்கிற வேலைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாளே, அன்றிலிருந்து பதினான்கு மாதமாக அவளும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. "பொம்மைக்கு மூக்கு வைக்கப் போறவளுக்கு இனிமே இந்த வாசல்ல என்ன வேலை?" என்று அன்றைக்கு நான் கேட்டது வாஸ்தவம். முப்பத்தோரு வருஷம் பி.டி. வாத்தியாராக மைதானத்தில் கத்திய தொண்டை. மெதுவாகச் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். சொன்னதைத் திரும்ப வாங்கிப் பழக்கமும் கிடையாது.

பெட்டிக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு தலை. என் தலை! வழுக்கை, காது முடி, கிரிக்கெட் பந்து பட்ட தாடைத் தழும்பு, ஒன்று விடாமல் இருக்கிறது மச்சான். உங்கள் அக்கா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் மூஞ்சியையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல கொஞ்சம் சாந்தமா இருக்கீங்க" என்றாள். கூடவே அவளுக்கு ஒரு சீட்டு. பட்டறையில் கண்காட்சி வைக்கிறார்களாம். வருகிற சனிக்கிழமை திறப்பாம். ஒவ்வொருவரும் தான் செய்த ஓர் உருவத்தை வைக்க வேண்டுமாம். "நான் அப்பாவைச் செஞ்சிருக்கேன்மா. தலை ஞாபகத்துலேயே வந்துடுச்சு. உடம்புதான் வரல. அப்பா இப்ப இளைச்சிருக்காரா, பெருத்திருக்காரான்னு எனக்குத் தெரியாது. உடம்பு விக்கிற கடையோட புத்தகம் வெச்சிருக்கேன், அவரையே ஒண்ணு எடுக்கச் சொல்லு. எப்படி நிக்கணும்னும் அவரே நிறுத்தி அனுப்பட்டும்." இப்படி எழுதியிருந்தாள். எனக்கு இதில் ஒரு அக்கறையும் இல்லை. உங்கள் அக்கா முகத்துக்காகத்தான் இறங்கினேன்.

உங்களுக்கு இந்தத் துறை புதிதாக இருக்கும், விளக்குகிறேன். சாதாரண பொம்மைக்கு முட்டியும் முழங்கையும் பூட்டுப் போட்ட மாதிரி வெளியே தெரியும். இது அந்த ரகம் இல்லை. உள்ளே எஃகு எலும்பு, மேலே ரப்பர் மாதிரி சிலிக்கோன் தோல், இணைப்பு எங்கேயும் தெரியாது. ஓரடி உயரம். தொட்டால் ஆள் தோல் மாதிரியே மெத்தென்று இருக்கிறது. தலையைத் தனியாக வாங்கிக் கழுத்துக் குச்சியில் சொருகிக்கொள்ள வேண்டியதுதான். கடை புத்தகத்தில் பக்கம் பக்கமாக உடம்பு. ஒல்லி, நடுத்தரம், கட்டுமஸ்து என்று மூன்று வாகு; அதில் ஒவ்வொன்றிலும் ஐந்து நிறம். தொப்பை என்று ஒரு வாகே இல்லை. உலகத்தில் பொம்மை சேகரிக்கிறவர்கள் யாரும் தொப்பை உள்ள மனிதனைப் பார்த்ததே இல்லையா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

யோசிக்காமல் கட்டுமஸ்தைத் தேர்ந்தெடுத்தேன். பி.டி. வாத்தியாருக்கு வேறு எதை எடுப்பது, நீங்களே சொல்லுங்கள். நாலாம் நாள் பார்சல் வந்தபோது எங்களுக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிற நர்ஸம்மா சாவி கொடுக்க வந்திருந்தார். நான்தான் அவர் முன்னாலேயே பிரித்தேன். தலையில்லாமல், துணியில்லாமல், மல்லாக்கப் படுத்திருக்கிறது ஒரு உடம்பு. நர்ஸம்மா, "சார், எனக்கு இதெல்லாம் தினமும் பாக்குறதுதான், ஆனா பார்சல்ல வந்து பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு சாவியைக் கொடுக்காமலே போய்விட்டார். தலையைச் சொருகினோம். பூசணிக்காய் மேல் நெல்லிக்காய். உங்கள் அக்கா சிரித்துச் சிரித்து இருமல் வந்து தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. "யாருங்க இவரு? நம்ம வீட்டுக்கு எப்ப வந்தாரு?" என்று கேட்கிறாள். நான் இருபத்தைந்து வயதில் இப்படித்தான் இருந்தேன் என்றேன். "இருபத்தஞ்சு வயசுல உங்களைக் கட்டிக்கிட்டவளே நான்தான்" என்றாள்.

அதைத் திருப்பி அனுப்பி நடுத்தரம் வரவழைத்தோம். நிறம் மாநிறம், தலையோடு ஒத்துப்போனது. வயிற்றுக்கு மட்டும் உங்கள் அக்கா கொஞ்சம் பஞ்சு வைத்து மெல்லிய துணியால் சுற்றினாள். போதும் என்றேன், இன்னும் கொஞ்சம் என்றாள். போதும் என்றேன், உண்மைன்னு ஒண்ணு இருக்குல்ல என்றாள். என் பழைய கருநீல டிராக் சூட்டின் கால் பக்கத்தை வெட்டி அளவாகத் தைத்தும் போட்டுவிட்டாள். கழுத்தில் நூல், நூலில் ஒரு குட்டி விசில். பார்த்தால் நானேதான்.

அதற்குப் பிறகுதான் மச்சான் ஆரம்பித்தது வினை. நிறுத்துவது என் இலாகா. முப்பத்தோரு வருஷமாக ஆயிரக்கணக்கான பிள்ளைகளை நேராக நிற்க வைத்தவன் நான். மைதானத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேனே, அதுதான் என் நிலை என்று முடிவு செய்து பொம்மைக்கும் கையைக் கட்டினேன். கட்டிவிட்டுக் கையை எடுத்தால் அது மெதுவாகக் கையைப் பிரிக்கிறது. சிலிக்கோன் இழுவையாம், பழைய இடத்துக்கே திரும்புமாம். அது எனக்கு அப்போது தெரியாது. மறுபடி கட்டினேன், மறுபடி பிரித்தது. ஒன்பது தடவை. என் வாயிலிருந்து என்னையறியாமல் "டேய், சொன்ன பேச்சு கேக்க மாட்டியா?" என்று வந்துவிட்டது. சமையலறையிலிருந்து உங்கள் அக்கா, "யாரைங்க?" என்றாள். "உன் புருஷனை" என்றேன், வேறென்ன சொல்வது.

பள்ளிக்கூடத்தில் இப்படி அடங்காத கேஸ்களை என்ன செய்வேன்? வெயிலில் நிற்க வைப்பேன். பழக்க தோஷம். கட்டிய கைகளைச் சணல் நூலால் இறுக்கிச் சுற்றி, ஹால் ஜன்னல் விளிம்பில் வெயில் படும்படி நாலு நாள் நிற்க வைத்துவிட்டேன். கடந்துபோகும்போதெல்லாம் "இப்ப புத்தி வந்துச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன். அஞ்சாம் நாள் நூலை அவிழ்த்தேன். வலது முழங்கையில் தோல் வாயைப் பிளந்துகொண்டு உள்ளே எஃகு பளபளக்கிறது. ஐயோ என்று டிராக் சூட்டைக் கழற்றினால், வெயிலில் சாயம் இறங்கி இடுப்புக்குக் கீழே முழுக்க நீலம். நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். அவர் அட்டைப் பெட்டியின் அடியில் இருந்த குறிப்பை எடுத்துச் சத்தமாகப் படித்தார்: கையையோ காலையோ மடக்கியபடி நீண்ட நேரம் வைக்கக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, கருந்துணி உடுத்தக் கூடாது, அவ்வப்போது பவுடர் பூச வேண்டும். "சார், செய்யக் கூடாதுன்னு போட்டிருக்குற மூணையும் வரிசையா செஞ்சிருக்கீங்க" என்றார். பவுடரைப் பூசிவிட்டார். கிழிசலுக்குப் பிளாஸ்திரி போடச் சொன்னதற்கு, "ஒட்டாது சார், இது ஆறுற தோல் இல்ல" என்றார். அந்த வார்த்தை எனக்கு ஏன் அப்படி உறைத்தது என்று தெரியவில்லை.

இதில் இன்னொரு சங்கடம். கையைக் கட்டியபோதும் சரி, இடுப்பில் வைத்தபோதும் சரி, அட்டென்ஷனில் நிறுத்தியபோதும் சரி, அந்தத் தலை உடம்போடு ஒட்டவே இல்லை மச்சான். உடம்பு அதட்டுகிறது, மூஞ்சி அதட்டவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, கீழே தூரத்தில் எதையோ பார்க்கிறது. "உன் பொண்ணுக்கு என் மூஞ்சியே மறந்துபோச்சு, நான் எப்பவாவது இப்படி முழிச்சிருக்கேனா?" என்று நேற்றுக் காலையில் எரிந்து விழுந்தேன். உங்கள் அக்கா பொம்மையை வாங்கிக் கொஞ்சம் ஒருக்களித்து நிற்க வைத்தாள். கிழிந்த வலது கையை மெதுவாகக் கண் உயரத்துக்குத் தூக்கினாள். சமையலறைக் கைத்துணியின் ஓரத்தை அந்த விரல்களில் சொருகி, திரை மாதிரி தொங்கவிட்டாள். அவ்வளவுதான். தலையும் உடம்பும் ஒரே ஆள் ஆகிவிட்டது.

உங்களிடம் சொல்வதற்கு என்ன. அன்றைக்கு உங்கள் மருமகள் கிளம்பியபோது நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போய்ட்டு வரேம்பா என்றாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். அவள் படியிறங்கியதும் எழுந்துபோய் ஹால் ஜன்னல் திரையை நாலு விரல் அகலம் ஒதுக்கி, டாக்ஸி தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவு நெஞ்சழுத்தம் என்றுதான் இத்தனை மாதமும் பொருமிக்கொண்டிருந்தேன். "டாக்ஸி கண்ணாடியில அவ உங்களைப் பாத்துட்டாங்க" என்றாள் உங்கள் அக்கா. "அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தது நீங்க ஒருத்தர்தான்." மச்சான், மைதானத்தில் ஆயிரம் பேர் முன்னால் நின்றவன் நான், எனக்கு அந்த இடத்தில் எப்படி நிற்பது என்று தெரியவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

கைத்துணியின் கனத்துக்கே அந்தக் கிழிசல் இன்னும் ஒரு விரற்கடை பிளந்துவிட்டது. இப்போது கை நிற்கவே இல்லை, தொங்குகிறது. இங்கே கடை கிடையாது, வரவழைக்க நாள் போதாது. ஆகையால் உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். அந்த உடம்புக் கடை உங்கள் ஊரில்தான் இருக்கிறது. நடுத்தரம், மாநிறம் ஒன்று வாங்கி வையுங்கள். தலையைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நான் எழுதியபடி நிறுத்தி, வெளிர் நிறத்தில் ஏதாவது உடுத்தி, வெள்ளிக்கிழமைக்குள் பட்டறையில் சேர்த்துவிடுங்கள். அடுத்தது, வெயிலில் கட்டிவைத்த கதை உங்கள் மருமகளுக்குத் தெரியவே கூடாது. திரை சமாச்சாரமும் உங்கள் அக்காவின் யோசனையாகவே இருக்கட்டும். கடைசியாக, கண்காட்சிக்கு நான் வருவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். எனக்கென்று ஒரு கௌரவம் இருக்கிறது. முழங்கால் வேறு.

உங்கள் இல்லத்தரசியாருக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசிகள். முதுகை வளைக்காமல் உட்கார்ந்து படிக்கச் சொல்லவும். எல்லோரும் எல்லா நலமும் பெற்று நீடு வாழ்க.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்,
அக்கா வீட்டுக்காரர்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. நேற்று ரயிலேறி, இப்போது உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, நானே உங்கள் கையில் கொடுக்கிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் என் முன்னாலேயே படித்துவிடுங்கள், தயவுசெய்து சிரிக்காதீர்கள். உங்கள் அக்கா அடுக்களையில் உங்கள் வீட்டம்மாவிடம் இதில் இருப்பதையெல்லாம் இந்நேரம் சொல்லி முடித்திருப்பாள். மேலே கேட்ட மூன்று காரியமும் ரத்து. உடம்பு எதுவும் வாங்க வேண்டாம். வெயில் கதையை அவளிடம் தாராளமாகச் சொல்லலாம், திரை கதையை நானே சொல்லிக்கொள்கிறேன். தலை என் சட்டைப் பையில் பஞ்சு சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. தலையை என் மகள் செய்துவிட்டாள், உடம்பை நானே கொண்டுவந்துவிட்டேன். சனிக்கிழமை பட்டறையில் எந்த மூலையில் நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன். அவளுக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் மச்சான்: அவள் வாசலில் எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று.