காரணம்: நண்டு

தருமபுரம், காரைக்கால்
ஆனி 3

மரியாதைக்குரிய மச்சான் இளையபெருமாள் அவர்களுக்கு, தங்கள் தங்கை சொர்ணாம்பாளின் வீட்டுக்காரன் வைத்தியலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், சொர்ணம், மகள் சிவப்ரியா மூவரும் சுகம். அங்கு தாங்களும் தேவிகா அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதினோரு வருடமாக எட்டிப் பார்க்காதவன் திடீரென்று சுகம் விசாரித்தால் யார் போய்விட்டார்கள் என்றுதான் தோன்றும். கலங்க வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனது எனக்குத்தான், அதுவும் புத்தி சம்பந்தப்பட்டது.

கொம்யூன் பஞ்சாயத்தில் முப்பத்திரண்டு வருடம் நான் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியவன் என்பது தங்களுக்குத் தெரியும். இறப்புப் பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு, கட்டைவிரல் அகலம். அதற்குள் எது அடங்குகிறதோ அதுதான் காரணம். செத்தவருக்கு மூன்று வியாதி இருந்தது என்று யாராவது அழுதால், "மூணெல்லாம் எழுத முடியாதுங்க, ஒண்ணு சொல்லுங்க" என்பேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டில் பால் திரிந்தாலும் காரணம் என்று ஒரு பெயர் வேண்டும். பெரும்பாலும் சொர்ணத்தின் பெயர்தான் கட்டத்தில் அடங்கும்.

இந்த லட்சணத்தில்தான் பதினோரு வருடத்துக்கு முன் அரையாண்டு விடுமுறைக்குத் தங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளை சிவப்ரியா ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்பு சாப்பிட்டாள். வியாழக்கிழமை வீடு திரும்பியவளின் முழங்கையில் சிவந்து செதில் செதிலாக இருந்ததை நான் பார்த்தேன். நண்டு கரப்பான் பண்டம், தோல் நோயைக் கிளப்பும் என்பார்கள். ஞாயிறு நண்டு, வியாழன் செதில், இதற்கு மேல் என்ன விசாரணை வேண்டும்? அப்படியே திருமலைராயன்பட்டினத்துக்கு பஸ் ஏறி, உச்சி வெயிலில் தங்கள் வாசலில் நின்று, "பொண்ணு கையப் பாத்தீங்களா? கரப்பான்னு தெரிஞ்சே நண்ட ஆக்கிப் போட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று தெரு கேட்கக் கத்தினேன். தாங்கள் குழம்புக் கரண்டியோடு வந்து, "மொதல்ல உக்காந்து ஒரு வாய் சாப்பிடுங்க மாப்ள, அப்புறம் பேசலாம்" என்றீர்கள். அதில் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகியது. உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது நல்ல பசி.

டாக்டர் பார்த்துவிட்டு சொரியாசிஸ் என்றார். "உடம்பக் காக்கிற அணுக்களே ஆள் தெரியாம தோலத் தாக்குதுங்க, இதுக்கும் சாப்பாட்டுக்கும்..." என்று ஆரம்பித்தார். காவல்காரன் எங்காவது வீட்டுக்காரனை அடிப்பானா என்று நான் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் தங்களுக்கு ஒரு தாள் அனுப்பினேன். நோய்: சொரியாசிஸ். காரணம்: நண்டு. பொறுப்பு: இளையபெருமாள். கீழே அலுவலக வட்ட முத்திரை. நெடுங்காட்டில் இருக்கும் தங்கள் பெரியப்பாவுக்கு ஒரு நகல். அதோடு நண்டு, கருவாடு, கத்தரிக்காய் மூன்றுக்கும் என் வீட்டில் தடை. செதில் போயிற்று, திரும்ப வந்தது, மறுபடி போயிற்று. பக்கத்து வீட்டு பிலோமின்ராஜ் கிறிஸ்துமஸ் கேக் கொடுத்த வாரம் வந்தபோது கேக் மேல் பழி போட்டேன். கேக்கில் நண்டு இருந்தது என்று சொல்ல மட்டும் துணிவு வரவில்லை. இந்தக் கோபத்தில் தங்கள் மகன் எழிலன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. சொர்ணத்தை அனுப்பினேன், அதுவும் "சாப்பிடாம வா" என்று சொல்லி அனுப்பினேன். கூடப் பிறந்தவள் அண்ணன் வீட்டுப் பந்தியில் உட்காராமல் வந்திருப்பாள் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சிவப்ரியா சென்னையில் இப்போது இதே வியாதியைத்தான் ஆராய்ச்சி செய்கிறாள். போன வாரம் லீவில் வந்தவள் லேப்டாப்பில் வெறும் எண்களாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் எங்கே, எலி எங்கே என்று கேட்டேன். எலியெல்லாம் கிடையாதாம். லட்சக்கணக்கான பேரின் மரபணு விவரத்தை ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கிறார்களாம், அதை வைத்தே எந்தக் காவல் அணு நோய்க்குக் காரணம் என்று பார்ப்பார்களாம். காரணம் என்ற சொல் காதில் விழுந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"நோயாளிங்க ரத்தத்துல சில அணு ஜாஸ்தியா இருக்குப்பா. அது ஜாஸ்தியா இருந்ததால நோய் வந்துச்சா, நோய் வந்ததால அது ஜாஸ்தியாச்சா? ரெண்டும் சேந்து இருக்குங்கறத மட்டும் வச்சு சொல்ல முடியாது."

"பின்ன எப்படிக் கண்டுபுடிப்பீங்க?"

"மரபணு உங்க பிறப்புப் பதிவேடு மாதிரிப்பா. சீட்டுக் குலுக்கிப் போட்ட கணக்கா கருவுலயே எழுதியாச்சு. பின்னாடி வர்ற நோயோ சாப்பாடோ அதுல திருத்தம் போட முடியாது. அந்த அணு ஜாஸ்தியா இருக்கற மாதிரி சீட்டு விழுந்தவங்களுக்கு நோயும் ஜாஸ்தியா வருதான்னு பாப்போம். வந்தா அந்த அணுவுக்கு இதுல கை இருக்குன்னு சொல்லலாம்."

பிறப்புப் பதிவேட்டில் திருத்தம் போட முடியாது என்பதை என் அனுபவத்தில் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இருந்தாலும் பிள்ளை படித்தவள் என்று விட்டுவிட்டு, "அப்ப நண்டு?" என்று கேட்டேன்.

அவள் லேப்டாப்பை மூடிவிட்டாள். "அது நண்டுக்கு முன்னாடியே வந்துடுச்சுப்பா. தீபாவளிக்கே வந்துடுச்சு. முழுக்கை சட்டை போட்டு மறைச்சிட்டேன். லீவுக்குப் போனப்ப மாமாகிட்டதான் மொதல்ல காட்டினேன். யாரும் பாக்கக் கூடாதுன்னு நாகப்பட்டினத்துல ஒரு டாக்டர்கிட்ட வண்டில கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வர்றப்ப வாஞ்சூர் தாண்டற வரைக்கும் அழுதேன். அழாத புள்ள, என்ன வேணும் சொல்லுன்னாங்க. நண்டு வேணும்னேன். நேரா பட்டினச்சேரி மீன் கரைக்கு வண்டிய விட்டாங்க."

மச்சான், நண்டால் நோய் வரவில்லை. நோயால்தான் நண்டு வந்திருக்கிறது. பதினோரு வருடம் பதிவேட்டை நான் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா காரணம் கேப்பீங்க, அம்மா பேர எழுதிடுவீங்க. அதான் மாமாவ சத்தியம் பண்ணச் சொன்னேன். அன்னிக்கு நீங்க அவங்களத் திட்டினது தெரிஞ்சும் எனக்கு வாயே வரலப்பா" என்றாள். பதினேழு வயதுப் பிள்ளை என்னைச் சரியாகத்தான் கணித்திருக்கிறாள். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். என் மகளுக்குக் கொடுத்த வாக்குக்காக என்னிடம் வசவு வாங்கிக்கொண்டு, கையில் கரண்டியோடு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டீர்கள். அந்த முகம் ஒரு வாரமாக என் கண்ணை விட்டுப் போகவில்லை.

சரி, நண்டு இல்லை என்றால் அந்தச் சீட்டு என் பக்கத்திலிருந்து வந்ததா, சொர்ணம் பக்கத்திலிருந்தா என்று நான் சும்மா இருக்காமல் கேட்டேன். "இது லட்சம் பேரோட சராசரிப்பா, நம்ம வீட்டுக்குத் தீர்ப்பு சொல்லாது" என்றாள். ஆனாலும் என் காதுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் பார்த்தாள். அங்கே முப்பது வருடமாகச் செதில் உதிர்கிறது. தேங்காய் எண்ணெயில் கலப்படம் என்று சொல்லி நான் மூன்று செக்குக்காரர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். நான் துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டேன்.

ஆகவே இதன் மூலம் தெரிவிப்பது: நான் அனுப்பிய தாளை முத்திரையோடு கிழித்துப் போட்டுவிடுங்கள். ஆவணி பன்னிரண்டாம் தேதி சிவப்ரியாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் மணவறையில் உட்கார மாட்டேன் என்கிறாள். பதினோரு வருடமாக என்னால் நம் குடும்பம் பிரிந்து கிடந்தது. என்னை மன்னித்து நீங்கள் வர வேண்டும். வர மாட்டீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

தேவிகா அக்காவுக்கு என் வணக்கம். எழிலனுக்கும் மருமகளுக்கும், நேரில் சொல்லத் தவறிய என் ஆசிகள், வட்டியோடு.

தங்கள் அன்புள்ள,
வைத்தியலிங்கம்

பின்குறிப்பு: ஒட்டும் முன் கடிதத்தைச் சொர்ணத்திடம் படித்துக் காட்டினேன். கண் கலங்குவாள் என்று பார்த்தால், "இதுக்குப் போயி ஸ்டாம்பு வேற ஒட்டுவீங்களா? ரெண்டாஞ் சனிக்கிழமை அண்ணன் வருவாங்கள்ல, கையில குடுத்துடுங்க" என்றாள். எந்த அண்ணன் என்று கேட்டேன். நான் பென்ஷனர் சங்கக் கூட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் நீங்கள் என் வீட்டுக்கு வந்து போகிறீர்களாம். கல்யாணத்துக்குப் பட்டுவேட்டி எடுத்து, மாலைக்கும் சொல்லியாகிவிட்டதாம். நானாக எழுதுகிறேனா என்று பார்க்கத்தான் தாயும் மகளும் வாயை மூடிக்கொண்டிருந்தார்களாம். கூட்டம் முடிந்து வந்து நான் சாப்பிடும் மடவை மீன் குழம்பு தேவிகா அக்கா கொடுத்தனுப்புவதாம். அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் மாதா மாதம், "இதான் சுத்தமான கை, உங்க அண்ணன் வீட்டுல இப்படி வைக்கத் தெரியுமா?" என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே குடும்பம் பிரிந்து கிடந்தது என்று மேலே எழுதியதை அடித்துவிடவும். பிரிந்து கிடந்தது நான் ஒருவன்தான். வரும் இரண்டாம் சனிக்கிழமை நான் சங்கத்துக்குப் போகவில்லை, வீட்டில் இருப்பேன். நீங்கள் வழக்கம்போல வாருங்கள். மடவை வேண்டாம், நண்டு கொண்டு வாருங்கள்.