எரிந்தது ஒரே ஒரு கேசட்

கோட்டுக்காரர் பொய் எழுதியிருக்கிறார். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. எங்கள் மாதா கோயிலின் ஆண்டு விழா மலரில், அந்தக் காலத்து இளையர் குழுத் தலைவர் என்ற முறையில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஆர்கன்காரர் மனம் திருந்தி, பதினான்கு பேய்ப்பாட்டுக் கேசட்டுகளைத் தம் கையாலேயே தீயில் போட்டாராம். திருந்தினாராம்! அந்தக் கேசட்டுகள் என்னுடையவை. பதின்மூன்று இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன.

ஆர்கன்காரரின் சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சுருதிப்பெட்டி என்றால் தேக்கா வட்டாரம் முழுக்கத் தெரியும். அவரைப் போல் காது வைத்திருந்த மனிதன் சிங்கப்பூரில் பிறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆர்கன், மற்ற நாளெல்லாம் லிஃப்ட் ரிப்பேர். கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவில் காதை ஒட்டி, எட்டாம் மாடியில் கயிறு உரசுகிறது என்பார். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து, "ஃபாதர், அந்த மூணாவது ஃபேன் அரை சுரம் ஏறி நிக்குது, ஆஃப் பண்ணச் சொல்லுங்க" என்பார். ஒருமுறை மீ கோரெங் நூடுல்ஸ் கடைக்காரரிடம் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "உப்பு, காரம் எல்லாம் சரி. கரண்டித் தாளம் தப்பிடுச்சு லா. எனக்கு எறங்காது."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பட்டறை வேலை, தோள் வரை முடி, தோ பாயோவில் நாலாம் மாடி வீடு, ஒரு ஷூ பெட்டி நிறைய ஹெவி மெட்டல் பாட்டுக் கேசட்டுகள். ஒரு சனிக்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது. கையெல்லாம் கிரீஸோடு சுருதிப்பெட்டி.

"தம்பி, என்ன பாட்டு இது?"

"மெட்டல், அண்ணே. கொறைச்சிடறேன்."

"யாரு கொறைக்கச் சொன்னா? கூட்டு."

தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் கேட்டார். லிஃப்டுக்குள் ஒருவர் மாட்டிக்கொண்டிருப்பது அதன் பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. "பாவம், அவரும் நல்ல தாளத்துலதான் கதவைத் தட்டிக்கிட்டிருந்தாரு" என்று ஓடினார்.

அதிலிருந்து வாரம் தவறாமல் வந்தார். எனக்கு மெட்டல் ரகங்களின் பெயர் தெரியும், வித்தியாசம் தெரியாது. அவருக்கு நேர்மாறு. நான் பெயரைச் சொல்ல, அவர் லிஃப்டை வைத்துப் பிரித்துத் தந்தார். டூம் என்றால் கரண்ட் கம்மியாகி மெல்ல இறங்கும் லிஃப்ட். டெத் என்றால் மோட்டார் அறையே வாய் திறந்து பாடுவது. "இவன் தொண்டைய வயித்துல வச்சிருக்கான், பிணத்தைப் பத்திப் பாடறான். பாவம், பிசாசு பக்கமே போகல." பிளாக் என்றால் பழுதான இன்டர்காம், அந்த முனையில் சாத்தான். கிரைண்ட்கோர் கேட்க மூக்குக் கண்ணாடியைத் தேடினார். போடுவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. த்ராஷ்தான் அவருக்குப் பிடித்தது. "வேகம், கத்தல். ஆனா இவன் கோபத்துல நியாயம் இருக்கு." ஒவ்வொரு கேசட்டிலும் பென்சிலால் ரகத்தைக் குறித்து வைப்பார்.

அந்த வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்தான் கோட்டுக்காரர் கிளம்பினார். சிங்கப்பூர் வெயிலில் கோட்டுப் போட்ட ஒரே மனிதர். பேய்ப்பாட்டை எரிக்கப் போகிறேன் என்று கோயில் முற்றத்தில் தகர டிரம் வைத்தார். என் அம்மா என் ஷூ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டார். நான் பின்னால் ஓடினேன்.

சுருதிப்பெட்டி டிரம்முக்கு முன்னால் வந்து நின்றார். "கேட்டுப் பாத்தீங்களா?"

"கேக்கவே வேணாம், அட்டைப் படத்தைப் பாருங்க! மண்டை ஓடு!"

"நம்ம சிலுவைக்குக் கீழயும் மண்டை ஓடு இருக்கு. அதையும் போடவா?"

கோட்டுக்காரருக்கு முகம் சிவந்தது. "அப்போ எது பேய்ப்பாட்டுன்னு நீங்களே பிரிச்சுச் சொல்லுங்க. சுவரைப் பாத்து நில்லுங்க, நான் போடறேன். கேசட்டுல பென்சில்ல எழுதியிருக்கிறதுக்கு ஒண்ணு தப்பினாலும் அத்தனையும் தீயில. ஈஸ்டர் பூசைக்கு உங்களுக்கு ஆர்கனும் இல்ல."

ஃபாதர் உள்ளிருந்து டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து வைத்தார். முப்பது வருடம் வாசித்த ஆர்கன். சுருதிப்பெட்டி சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

கேசட் ஓட ஓடச் சொன்னார். இது த்ராஷ், சண்டையே வேணாம்னு கத்தறான். இது டூம், நம்ம பெரிய வெள்ளிக்கிழமை மாதிரி. இது டெத், ஆஸ்பத்திரி சமாச்சாரம். ஒன்பதாவதில் நின்றார். "இது பிளாக். இவன் சாத்தானைத்தான் கூப்பிடறான். பொய் சொல்ல மாட்டேன் தம்பி, மன்னிச்சுக்க." எனக்கு மிகவும் பிடித்த கேசட் அது. அது மட்டும் எரிந்தது.

பதினான்கும் முடிந்த பிறகு, கோட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து நைசாகப் போட்டார். கிட்டார், ஓர் ஆண் குரல். சுருதிப்பெட்டி வெகுநேரம் கேட்டார்.

"இது எந்த ரகத்துலயும் சேராது. கடவுளையும் பாடல, பிசாசையும் பாடல. மைக்கைப் பாத்துப் பாடறான். லிஃப்ட் தளத்துக்கு ஒரு சாண் கீழ நிக்குது, ஏறறவன் தடுக்கி விழுவான். இதை வேணா எரிங்க லா."

அது கோட்டுக்காரர் பாடிய கேசட். முதலில் சிரித்தவர் ஃபாதர். அதைத் தீயிலிருந்து காப்பாற்றியவரும் அவரே.

ஈஸ்டருக்கு ஆர்கன் முழங்கியது. அல்லேலூயா போன வேகத்தில் பாடகர் குழுவுக்கு மூச்சு வாங்கியது. ஏன் இத்தனை அவசரம் என்று ஃபாதர் கேட்டதற்கு, "த்ராஷ், ஃபாதர்" என்றார்.

சுருதிப்பெட்டி இன்று இல்லை. பதில் எழுத அவருக்கு வழியில்லை. அதனால் நான் கேட்கிறேன். கோட்டுக்காரரே, அன்று எத்தனை கேசட் எரிந்தது? யார் திருந்தினார்? அதே மலரில், அதே அளவு எழுத்தில் பதில் சொல்லுங்கள். நான் கத்துகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். என்னை அவர் எப்போதோ ரகம் பிரித்துவிட்டார். ஷூ பெட்டி மூடியின் உட்புறத்தில், என் பெயருக்குப் பக்கத்தில், பென்சிலால் எழுதியிருக்கிறது: த்ராஷ்.